25,000 ரூபாய்க்குள் ஒரு நல்ல கேபினட் ஸ்மோக்கர்: எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது?

கேள்வி கேட்டவர் பாலக்கோட்டுக்காரர். வீட்டுக்குப் பின்னால் திறந்த இடம் இருக்கிறதாம். சனி ஞாயிறுகளில் ஏழெட்டுக் கோழி, எப்போதாவது ஓர் ஆட்டுத் தொடை, இவற்றைப் புகையில் வேகவைத்து முதலில் நண்பர்களுக்கு, நன்றாக வந்தால் தெரிந்தவர்களுக்கு விலைக்கும் கொடுக்க ஆசை. கையில் 25,000 ரூபாய். அதற்குள் தரமான கேபினட் ஸ்மோக்கர் எது, கரியில் ஓடுவதா, கேஸா, கரண்டா, மழையில் வெளியே கிடந்தால் தாங்குமா என்று கேட்டிருக்கிறார். கேள்வியை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அவர் கேட்பது பிராண்ட் பெயரை அல்ல. இந்தப் பணத்துக்கு எல்லாமே கிடைக்காது என்பது அவருக்கே தெரிந்திருக்கிறது. எதை விட்டுக்கொடுத்தால் கறி கெடாது, எதை விட்டால் கெட்டுப்போகும் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் ஒரு ஓட்டல் சமையலறையில் ஒன்பது வருடம் தந்தூர் அடுப்பின் முன்னால் நின்றவன். இப்போது கிருஷ்ணகிரியில் சிறிய அளவில் புகைக் கோழி போடுகிறேன். இதுவரை மூன்று பெட்டிகள் என் கையில் ஓடியிருக்கின்றன. ஒன்று வாங்கி ஏமாந்தது, இரண்டு மச்சான் பட்டறையில் செய்தது. மரத்தூள் குச்சிகளைத் தானே ஊட்டிக்கொள்ளும் பெல்லட் இயந்திரத்தை நான் ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. கீழே சொல்வதில் எது உறுதியானது, எது என் அனுபவம் மட்டும் என்பதையும் அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

கேபினட் ஸ்மோக்கர் என்பது நிற்கவைத்த ஒரு பீரோ. கீழ் அறையில் நெருப்பு, அதற்கு மேல் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேல் கம்பி அடுக்குகள், உச்சியில் புகைபோக்கி. காற்று கீழே நுழைந்து, நெருப்பைத் தொட்டு, கறியைத் தடவிக்கொண்டு மேலே வெளியேற வேண்டும். இந்தப் பீரோ செய்ய வேண்டிய வேலை மூன்றுதான்: சூட்டை ஒரே நிலையில் நிறுத்துவது, காற்றைத் தடையில்லாமல் இழுப்பது, சொட்டும் கொழுப்பு நெருப்பில் விழாமல் பார்ப்பது. இந்த மூன்றையும் செய்யும் பெட்டி அவலட்சணமாக இருந்தாலும் நல்ல பெட்டி. செய்யாதது எவ்வளவு பளபளத்தாலும் தகர டப்பா.

யூடியூபில் பார்த்திருப்பீர்கள், அமெரிக்காக்காரர்கள் இரட்டைச் சுவர், இன்சுலேஷன் என்று அதற்கே பாதிப் பணம் கொடுப்பார்கள். அவர்கள் ஊரில் பனியில் நின்றுகொண்டு, மாட்டு நெஞ்சுக்கறியை 110 டிகிரியில் பன்னிரண்டு மணி நேரம் வைப்பார்கள். (இந்தப் பதிலில் டிகிரி என்றால் எல்லாமே செல்சியஸ்.) நமக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பெட்டிக்குள் 120, வெளியே 28 என்றால் வித்தியாசம் 92. மார்கழி ராத்திரியில் ஓசூரில் 15க்கு இறங்கினாலும் வித்தியாசம் 105தான். கொஞ்சம் கூடுதலாகக் கரி எரியும், அவ்வளவே. ஆகவே இன்சுலேஷன் என்ற பெயரில் காசைக் கொட்டாதீர்கள். நம் பக்கத்துக்குக் காற்றுதான் எதிரி, குளிர் அல்ல. ஆடி மாதக் காற்றில் திறந்த மொட்டை மாடியில் வைத்தால் எந்தப் பெட்டியும் நிலைகொள்ளாது. ஒரு மூலைச் சுவரின் மறைவில் வைத்தால் பாதி இன்சுலேஷன் இலவசமாகக் கிடைத்த மாதிரி.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் போடப்போவது பெரும்பாலும் கோழி. கோழியை 110 டிகிரியில் வைத்தால் கறி வெந்துவிடும், தோல் மட்டும் சைக்கிள் டியூப் மாதிரி இழுக்கும். தோலில் உள்ள கொழுப்பு உருகித் தோல் மடங்கிச் சுருங்க 140, 150 டிகிரி தேவை. அதனால் நீங்கள் பார்க்கும் பெட்டி 150 டிகிரிக்குப் போகுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஆட்டுத் தொடையின் கதை வேறு. நம் ஊர் வெள்ளாட்டில் கொழுப்பு குறைவு. அதைக் குறைந்த சூட்டில் நேரம் எடுத்துத்தான் வேகவைக்க வேண்டும். நார்போல இருக்கும் இணைப்புத் திசு 70 டிகிரிக்கு மேல்தான் மெல்ல மெல்லக் கரைந்து பசையாகிறது. உள்ளே 90ஐத் தாண்டினால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். இடையில் 65, 70 டிகிரி வாக்கில் சூடு ஏறாமல் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அப்படியே நிற்கும். பயப்படாதீர்கள், பெட்டியில் கோளாறில்லை. நமக்கு வியர்த்து உடம்பு குளிர்வது போல, கறியின் மேல் ஈரம் ஆவியாகிச் சூட்டைத் தின்றுகொண்டிருக்கும். அந்தக் கட்டத்தில் அலுமினியத் தாளில் சுற்றிவிட்டால் தாண்டிப் போகும், கறியும் காயாது.

இப்போது எரிபொருள். கரண்டில் ஓடும் கேபினட்டை முதலில் முடித்துவிடுகிறேன். சுவிட்சைப் போட்டுவிட்டுத் தூங்கலாம், சூடு நிலையாக நிற்கும், அந்தச் சௌகரியத்தை மறுக்க முடியாது. ஆனால் வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றுக்கு 135 டிகிரிதான் உச்சம். கோழித் தோல் விஷயம் அங்கேயே அடிபடுகிறது. நெருப்பு எரியாமல் மரச் சில்லு காய்ந்து புகைவதால் வாசனையும் மெலிந்தே இருக்கும். நடுவில் பவர் கட் ஆனால் என்ன செய்வது என்பதையும் நீங்கள் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மச்சினர் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றால் இன்னும் கவனம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேராகச் சொருகினால் 800 வாட் காயில் மூன்றரை மடங்குக்கு மேல் சூட்டைக் கக்க முயன்று சில நிமிடத்தில் போய்விடும். 230ஐ 120 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், குறைந்தது 1,500 வி.ஏ. (அது தாங்கும் சுமையின் அளவு) உள்ளதாக. அதன் விலையையும் கனத்தையும் சேர்த்துப் பார்த்தால் மச்சினரிடம் வேறு ஏதாவது கேட்கலாம் என்று தோன்றும்.

கேஸ் பெட்டி நடுத்தரம். சூட்டைத் திருகிவைக்கலாம், 150ஐயும் எளிதில் தொடும். சுடரைச் சிம்மில் வைத்திருக்கும்போது ஒரு காற்று அடித்தால் அணைந்து, கேஸ் மட்டும் உள்ளே நிரம்பும். சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் வால்வு இல்லாத கேஸ் பெட்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். விற்பனைக்குச் செய்யும்போது வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்தவும் கூடாது, வணிகச் சிலிண்டர்தான்.

உங்கள் பட்ஜெட்டுக்கும் நீங்கள் கேட்கும் வேலைக்கும் கரிப் பெட்டிதான் என் பதில். கொஞ்சம் பழக வேண்டும். கூடை நிறையப் பற்றவைக்காத கரியைக் கொட்டி, ஒரு ஓரத்தில் மட்டும் ஏழெட்டுத் துண்டு கனிந்த கரியை வையுங்கள். நெருப்பு ஓரத்திலிருந்து மெதுவாகப் பரவி நான்கு, ஐந்து மணி நேரம் உங்களைத் தொந்தரவு செய்யாது. இடையிடையே இரண்டு மூன்று விறகுத் துண்டுகளைப் புதைத்துவைத்தால் நெருப்பு அங்கே போகும்போது புகை வரும். இன்சுலேஷன் இல்லாத என் பெட்டி மணிக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறது. கரியை வாங்கியதும் சலித்துத் தூளை அப்புறப்படுத்துங்கள், தூள் காற்றை அடைத்துவிடும்.

நான் ஏமாந்த கதை இதுதான். முதல் பெட்டியை ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கினேன். கறுப்புப் பெயின்ட், கதவில் பெரிய வட்ட மீட்டர், நான்கு அடுக்கு, வழவழவென்று இருந்தது. வந்து பிரித்தபோது தகடு விரலால் அழுத்தினால் உள்ளே போனது. முதல் நெருப்பிலேயே கதவு வளைந்து, மேல் மூலையில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. அதன் வழியாகப் புகையும் போனது, சூடும் போனது. கதவு மீட்டர் 120 காட்டியபோது நடு அடுக்கில் உண்மையில் 155 இருந்தது, அதைக் கண்டுபிடிக்கவே மூன்று ஞாயிற்றுக்கிழமை வீணானது. அந்தப் பணத்துக்கு இரும்பாகவே வாங்கியிருந்தால் என்று மச்சான் இன்றுவரை கேட்கிறார்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். எட்டுக் கோழிக்கு, ஒரு கோழி 1.2 கிலோ வாக்கில் என்று வைத்துக்கொண்டால், 45 செ.மீ.க்கு 45 செ.மீ. அடிப்பாகமும் 110 செ.மீ. உயரமும் போதும். அடுக்குக்கு இரண்டு கோழி, அடுக்குகளுக்கிடையே 15 செ.மீ., நான்கு அடுக்குக்கு 60. நெருப்பிலிருந்து முதல் அடுக்குக்குக் குறைந்தது 35 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும், மீதி உச்சியில். இந்த அளவுக்கு எட்டுக்கு நான்கு அடி எம்.எஸ். ஷீட் (சாதா இரும்புத் தகடு) ஒன்றே ஒன்று போதும். நான்கு பக்கச் சுவரை வரிசையாக வெட்டி, மிச்சத்தில் மேல் தட்டும் அடித் தட்டும் வந்துவிடும். 2 மி.மீ. தகட்டில் முழு ஷீட் 47 கிலோ வாக்கில் நிற்கும். பட்டறையில் இதை 14 கேஜ் என்பார்கள். 16 கேஜ் என்றால் 1.6 மி.மீ., அதுவரை சரி. 18 கேஜுக்கு இறங்காதீர்கள். எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை நினைவில் வையுங்கள், புதிதாகப் போகிறவர்கள் இதில்தான் குழம்புவார்கள். அன்றைய இரும்பு விலையை 47ஆல் பெருக்கி, ஆங்கிள், கீல், கம்பி, வெல்டிங் கூலி சேர்த்து மூன்று பட்டறையில் கேளுங்கள். லாரி பாடி கட்டும் பட்டறைகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குக் கதவு நேராக நிற்க வைக்கத் தெரியும், இறுக்கிப் பூட்டும் கொக்கியும் அவர்களிடமே இருக்கும். 25,000க்குள் முடிந்து நல்ல தெர்மாமீட்டருக்கும் மிஞ்சும் என்பது என் கணிப்பு. ஆனால் கூலி ஊருக்கு ஊர் மாறும், அதனால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டறையில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். "ண்ணா, ஜி.ஐ. தகடு போட்டா துருவே பிடிக்காது, அதுல பண்ணித் தர்றேன்" என்பார்கள். நெருப்பறைக்கு ஜி.ஐ. வேண்டவே வேண்டாம். அதன் மேல் பூசியிருப்பது துத்தநாகம். கரி படும் இடத்தில் அது ஆவியாகும், மூச்சில் போனால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், வெல்டிங் வேலை செய்பவர்களுக்கே இது தெரியும். கறி வைக்கும் கம்பிகளும் ஜி.ஐ. ஆக இருக்கக் கூடாது, எலுமிச்சை, தயிர் ஊறிய கறி பட்டால் துத்தநாகம் கரையும். கம்பிக்கு எஸ்.எஸ். 304 (உணவுக்கு ஏற்ற துருப்பிடிக்காத ஸ்டீல்) கேளுங்கள். கடைக்காரர் காந்தத்தை வைத்து ஒட்டவில்லை பாருங்கள், 304தான் என்பார். அதைவிட மட்டமான 202 ஸ்டீலும் காந்தத்தில் சரியாக ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனை செல்லாது. பில்லில் கிரேடை எழுதச் சொல்வதுதான் எளிய வழி. பழைய ஃபிரிட்ஜ் கம்பித் தட்டும் வேண்டாம், பழைய முலாமில் என்னென்ன இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய ஃபிரிட்ஜையே ஸ்மோக்கராக மாற்றும் வீடியோவைப் பார்த்துவிட்டு எனக்கு மாதம் ஒருவராவது அனுப்புகிறார்கள். அதன் சுவருக்குள் இருப்பது பாலியூரித்தேன் நுரை, சூடேறினால் நச்சுப்புகை. வேண்டாம்.

பழையது என்றால் ஓட்டல் மூடும் இடங்களில் விற்பனைக்கு வரும் இட்லி ஸ்டீமர் பெட்டியைப் பாருங்கள். ஸ்டீல் உடம்பு, அடுக்குத் தாங்கிகள், ரப்பர் விளிம்போடு இறுக மூடும் கதவு, எல்லாம் தயாராக இருக்கும். என் இரண்டாவது பெட்டி இதில் பிறந்ததுதான். இரட்டைச் சுவராக இருந்தால் உள்ளே என்ன என்று ஒரு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடி இழையோ ராக் ஊலோ (கல்லை உருக்கி இழுத்த பஞ்சு) என்றால் சரி. மஞ்சள் நுரை என்றால் விட்டுவிடுங்கள், நீராவிச் சூட்டுக்கு அது தாங்கும், 150க்குத் தாங்காது. ரப்பர் விளிம்பையும் நெருப்புக்கு அருகில் உள்ள பகுதியில் எடுத்துவிட்டுக் கண்ணாடி இழைக் கயிறு ஒட்ட வேண்டியிருக்கும்.

கதவு இரண்டாக இருக்கட்டும். கீழே கரிக்கு ஒன்று, மேலே கறிக்கு ஒன்று. ஒரே நீளக் கதவு என்றால் கரி போடத் திறக்கும்போதெல்லாம் மேலே இருக்கும் சூடு முழுக்க இறங்கிவிடும், நெருப்புக்குத் திடீரென்று காற்றுக் கிடைத்து அதுவும் எகிறும். காற்று நுழைய அடியில் ஒரு இன்ச் குழாய் மூன்று, ஒவ்வொன்றிலும் வால்வு. வெளியேற உச்சியில் மூன்று இன்ச் குழாய். புகைபோக்கியை எப்போதும் முழுக்கத் திறந்தே வையுங்கள், சூட்டைக் கீழ் வால்வுகளால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். பலரும் புகை வீணாகிறதே என்று மேலே மூடுவார்கள். அப்போது நெருப்புக்குக் காற்றுப் போதாமல் விறகு குமைந்து வெள்ளைப் புகை கக்கும், அது கறியில் கருப்புப் பிசினாகப் படிந்து நாக்கைக் கசக்க வைக்கும். நல்ல புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீல நிறத்தில் இருக்கும். கரிக்கும் கறிக்கும் நடுவே ஒரு தட்டு கட்டாயம் வேண்டும், கொழுப்பு நெருப்பில் சொட்டினால் தீப் பிடிப்பதோடு, புற்றுநோயோடு தொடர்புள்ள பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்களும் அந்தப் புகையில் கூடும்.

காசு கொடுக்கும் முன் பட்டறையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். இருட்டியபின் போய், எரியும் டார்ச்சை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் புகை கசியும் இடம். அப்புறம் உள்ளே கொஞ்சம் கனிந்த கரியை வைத்து, கீழ் வால்வு வாயில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். வெளியே தள்ளினால் புகைபோக்கி குட்டை, இன்னும் ஒரு முழம் நீட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் முழுக்கக் கடலை எண்ணெய் தடவி, வெறும் பெட்டியில் 180, 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் எரிய விடுங்கள், எண்ணெய் இறுகிக் கருப்பாகப் பிடித்துக்கொள்ளும், பழைய தோசைக்கல் மாதிரி. உள்ளே பெயின்ட் கூடாது. வெளியே மட்டும் சைலன்சர் பெயின்ட் (வண்டி சைலன்சருக்கு அடிக்கும், சூடு தாங்கும் பெயின்ட்) அடிக்கலாம். இரண்டாம் நாள் எல்லா அடுக்கிலும் பிரெட் துண்டுகளைப் பரப்பிச் சூடாக்கிப் பாருங்கள், எது கருகுகிறது, எது வெள்ளையாக நிற்கிறது என்பதிலேயே பெட்டியின் சூடு எங்கே கூடும் எங்கே குறையும் என்று தெரிந்துவிடும்.

தெர்மாமீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். இரண்டு முனை உள்ள டிஜிட்டல்: ஒரு முனை கறிக்குள், ஒரு முனை அடுக்கின் மேல். கதவு மீட்டரை அலங்காரமாக விட்டுவிடலாம். வாங்கியதும் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், ஆனால் 100 காட்டவில்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பாலக்கோடு, கிருஷ்ணகிரி எல்லாம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர், இங்கே தண்ணீர் 98 டிகிரியைச் சற்றுத் தாண்டியதுமே கொதிக்கும். ஓசூர் 900 மீட்டர் வாக்கில் இருப்பதால் அங்கே 97. கோழிக்குத் தொடையின் தடித்த இடத்தில் 74 டிகிரி வந்தால்தான் பாதுகாப்பு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புகையில் வெந்த கறி நன்றாக வெந்தபின்னும் ஓரத்தில் ரோஜா நிறமாக இருக்கும். புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியின் நிறமியோடு சேர்வதால் வரும் நிறம் அது.

என் அனுபவம், என் கணிப்பு என்று சொன்னவை தவிர, இதுவரை சொன்னவை உறுதியானவை. இனி வருபவற்றில் கை தேர்ந்தவர்களே ஆளுக்கொரு கட்சி. தண்ணீர்த் தட்டில் தண்ணீர் வேண்டுமா? அது சூட்டைத் தாங்கிப்பிடிக்கும், ஈரமும் தரும். ஆனால் வற்றிய மறுநிமிடம் சூடு குதிக்கும். சிலர் ஆற்று மணல் நிரப்பி மேலே தாள் விரிக்கிறார்கள். நான் ஆட்டுக்குத் தண்ணீர், கோழிக்கு வெறும் தட்டு. விறகை ஊறவைக்க வேண்டுமா? என்னைக் கேட்டால் வீண் வேலை. தண்ணீர் மேல்தோலுக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும், அது காய்ந்தபின்தான் புகையே வரும், அதுவரை வருவது நீராவி. எந்த விறகு? மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் உடைந்து வரும் பொருள்கள்தான் புகை வாசனையின் உயிர், அதனால் எண்ணெயும் பிசினும் இல்லாத கெட்டி மரம் எதுவானாலும் ஓடும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வயதான மாந்தோப்பை வெட்டும்போது விறகுக்குப் பஞ்சமில்லை. மா மென்மையாக, லேசான இனிப்போடு இருக்கிறது, எனக்குக் கோழிக்கு அதுதான். புளி விறகு சூடு நின்று எரியும், ஆட்டுக்குப் போடுகிறேன். கொய்யாவும் நல்லது. சீமைக் கருவேலத்தைத் திட்டிக்கொண்டே இருக்கிறோம், டெக்சாஸ்காரர்கள் மெஸ்கீட் என்று காசு கொடுத்து வாங்குவது அதே புரோசோபிஸ் பேரினத்து மரத்தைத்தான். வாசனை முரட்டுத்தனமானது, கொஞ்சமாகப் போடுங்கள். மாவா புளியா என்ற சண்டையில் என் நாக்கை மட்டும் நம்ப வேண்டாம். கண்ணைக் கட்டிக்கொண்டு சாப்பிட்டு இரண்டையும் பிரிக்க என்னால் முடியுமா என்று எனக்கே நிச்சயமில்லை.

எந்த விறகு கூடாது என்பதில் மட்டும் சண்டையில்லை. அரளி விஷம், அதன் குச்சியைக்கூடப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. வேம்பு கசக்கும், தைல மரம் மருந்து நாறும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்திலிருந்து மலிவாக வரும் பேக்கிங் கட்டைகள் பெரும்பாலும் பைன், பிசின் மரம். 'எம்.பி.' என்று முத்திரை குத்தியிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்து எடுத்தது என்று பொருள். பச்சை விறகும் கூடாது. பிளந்து ஆறு மாதம் நிழலில் காய்ந்திருக்க வேண்டும், இரண்டு துண்டைத் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும், 'டொக்' என்றால் இன்னும் ஈரம்.

விலைக்குக் கொடுக்கப்போவதால் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, கறி 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடக்கக் கூடாது, வேகும்போதும் சரி, வெந்தபின் பார்சலுக்காகக் காத்திருக்கும்போதும் சரி. சூடு ஏறாத பெட்டியில் நிறையக் கறியைத் திணித்தால் இந்த வரம்பைத்தான் முதலில் மீறுவீர்கள். மீனையோ கறியையோ வேகவைக்காமல் குளிர்ந்த புகையில் மட்டும் வைத்துப் பதப்படுத்தும் முறையை இந்தப் பெட்டியில் முயலாதீர்கள். 30 டிகிரிக்குக் கீழே செய்ய வேண்டிய வேலை அது, சித்திரையில் நம் ஊர் நிழலே அதைத் தாண்டிவிடும். போர்டிகோ, தகரக் கொட்டகை, மூடிய சமையல்கட்டு எதிலும் கரிப் பெட்டியை மூட்டக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், அதற்கு வாசனையே கிடையாது.

கடைசியாக மழை. 2 மி.மீ. இரும்பு மழையில் கிடந்தால் துருப் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் ஓட்டையாகப் பல வருடம் ஆகும். துரு தெரிந்தால் கம்பி பிரஷ்ஷில் தேய்த்து எண்ணெய் தடவி ஒரு முறை எரியுங்கள், போதும். சாம்பலை அன்றன்றே அள்ளிவிடுங்கள், ஈரச் சாம்பல்தான் அடித் தகட்டைத் தின்னும். நான்கு காலுக்கும் அடியில் செங்கல் கொடுங்கள். புகைபோக்கி வழியாக மழை இறங்காமலிருக்க மூடி தேடி அலைய வேண்டாம். மூன்று இன்ச் குழாய்க்குப் பாதித் தேங்காய்ச் சிரட்டை கச்சிதமாக உட்காரும், நான் அதைத்தான் கவிழ்த்துவைக்கிறேன். மூட்டும்போது மட்டும் எடுக்க மறந்துவிடாதீர்கள். போன ஐப்பசியில் ஒரு நாள் மறந்தேன். ஆறு கோழியும் தார் வாசனை அடித்தது, தெரு நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.